செவிடன் காதில் ஊதின சங்கு

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். எங்க ஏரியாவில் ஒரு காலத்தில் யாரும் கடிகாரம் பார்த்து வேலை செய்ததில்லை என்று பாட்டி சொல்வாங்க. கம்பெனி சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறுகிறது என்று அர்த்தம். ஒரு சங்குக்கு உலை வைக்கணும், அடுத்த சங்குக்குள் டிபன் கேரியர் கட்டணும். சங்கு என்றதும் கோயில் சங்கை நினைச்சுக்காதீங்க. தொழிற்சாலை சைரனுக்கு எங்க பக்கம் சங்குன்னுதான் பேரு.

அந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டு 31 வருடம் வேலைக்குப் போனவர் எங்க அப்பா. ஒரு ஃபவுண்டரியில் ஃபெட்லிங் செக்‌ஷன். (கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க.) அச்சிலிருந்து உடைத்து எடுத்த இரும்பு வார்ப்பில் பிசிறு பிசிறாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை சிப்பிங் ஹாமரால் கொத்தி, கிரைண்டரில் தேய்த்து மழமழப்பாக்குவதுதான் ஃபெட்லிங். எட்டு மணி நேரமும் இரும்பை இரும்பால் அடிக்கிற வேலை.

இப்போது அவருக்கு வீட்டுக் காலிங் பெல் கேட்பதில்லை. குக்கர் விசில் பாதி நாள் கேட்பதில்லை. ஆனால் டி.எச். ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரியின் உறுமல் நன்றாகவே கேட்கும். அதனால் "இவருக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்பது அம்மாவின் பத்து வருடப் புகார். நானும் அதை நம்பிக்கிட்டுதான் இருந்தேன். வெட்கத்தோட ஒத்துக்கறேன்.

போன வருடம் சளி பிடித்துக் காது அடைத்துக்கொண்டது என்று அவரை ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, என் வயசுதான் இருக்கும். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார், காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், காதுக்கு முன்னால் பிடித்தார். அப்புறம் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். வந்த பேப்பரைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஐயா, எந்தக் கம்பெனியில வேலை பார்த்தீங்க? இரும்படிக்கிற வேலையா?"

நாங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அப்பா ஆடிப் போயிட்டார். வெளியே வந்ததும், "இன்னாடா அந்தப் பொண்ணு, கைரேகை பாக்கற மாதிரி சொல்லுது?" என்றார்.

எனக்கும் அதே கேள்வி. ஒரு கோடு போட்ட பேப்பரைப் பார்த்து ஒருத்தர் செய்த தொழிலை எப்படிச் சொல்ல முடியும்? அதைத் தேடிப் படிக்கப் போய், மூணு நூற்றாண்டு கதைக்குள் மாட்டிக்கிட்டேன்.



முதலில் காதைப் பற்றி நாலு வரி. டாக்டர்கள் மன்னிக்கவும், நான் கம்ப்யூட்டர்காரன்.

காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒருவர் வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் பிரித்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: கோளாறு ஒலி வருகிற வழியிலா, அல்லது ஒலியை வாங்கிக்கொள்கிற இடத்திலா? எங்க பாஷையில் சொன்னால், கேபிள் பிரச்சினையா, சர்வரே படுத்துடுச்சா?

வழி என்பது காதுத் துவாரம், செவிப்பறை, அதற்குப் பின்னால் ஒன்றோடொன்று கோத்த மூன்று குட்டி எலும்புகள். மூன்றாவது எலும்பு மூணு மில்லிமீட்டர்தான், நம்ம உடம்பிலேயே சின்ன எலும்பு அது. வாங்கிக்கொள்கிற இடம் உள்காதில், நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியா. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள் வரிசையாக நிற்கின்றன. 1851-இல் அல்ஃபோன்சோ கோர்ட்டி என்ற இத்தாலியர் நுண்ணோக்கியில் அந்த இடத்தைப் பார்த்து விவரமாக எழுதினார். ஒலி அலை வந்து மோதும்போது அந்த மயிர்கள் அசைந்து, அசைவு மின்துடிப்பாக மாறி மூளைக்குப் போகிறது.

இந்த இரண்டையும் பிரிக்க உதவுவதுதான் டாக்டரம்மா தட்டிய இசைக்கவை. ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய இசைக்காரர் 1711-இல் வாத்தியங்களுக்குச் சுதி சேர்க்க உருவாக்கியது அது. அதன் அதிர்வை எலும்பு வழியாகவும் உணரலாம் என்பதை வைத்து 1834-இல் வேபரும், 1855-இல் ரின்னேயும் விவரித்த சோதனைகள் இன்றைக்கும் ஒவ்வொரு காது டாக்டர் அறையிலும் நடக்கின்றன. எலும்பில் வைத்தால் நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேட்கவில்லை என்றால் வழியில் அடைப்பு. அழுக்கு, சீழ், செவிப்பறை ஓட்டை, எலும்பு இறுக்கம் இப்படி ஏதாவது. பெரும்பாலும் சரி செய்துவிடலாம். இரண்டு வழியிலும் குறைவாகக் கேட்டால் விஷயம் உள்ளே. அது கஷ்டம்.

அப்பாவுக்கு உள்ளே.

இனி ஆடியோகிராம். கனமான ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரைக்கும், 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எந்த அளவில் கேட்க ஆரம்பிக்கிறது என்று புள்ளி வைத்துக் கோடு போடுவார்கள். வயசானதால் காது மங்கினால் கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போகும். அப்பாவின் கோடு அப்படி இல்லை. 1000 வரைக்கும் ஒழுங்காக வருகிறது, 4000-இல் பள்ளத்தில் விழுகிறது, 8000-இல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. அந்தப் பள்ளம்தான் கைரேகை. வருடக்கணக்கில் பெரும் சத்தத்தில் நின்றவர் காதில் விழுகிற முத்திரை அது.

ஏன் 4000? காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுதியில் மட்டும் 'பூம்' என்று பெரிதாகக் கேட்கும் இல்லையா? நம் காதுத் துவாரமும் ஒரு குட்டி பாட்டில்தான். அதன் நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி பெரிதாகிறது. அந்த அடி காக்ளியாவில் விழுவது அதற்குச் சற்று மேலே இருக்கிற 4000-க்கான இடத்தில். தினமும் அதே இடத்தில் அடி.

காதுக்கு ஒரு தற்காப்பும் இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு சின்னத் தசை இறுகி அந்தக் குட்டி எலும்பை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அது இறுகுவதற்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். சுத்தியல் அடி அதற்குள் வந்து, உள்ளே போய், வேலையை முடித்துவிடும்.



இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பெர்னார்டினோ ராமாஜினி, இத்தாலியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருகிற நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1713-இல் அதை விரித்து எழுதியபோது வெனிஸ் நகரத்துச் செம்புக்கொட்டிகளைச் சேர்த்தார். நாள் முழுக்கப் பாத்திரம் தட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாகி, வயசானதும் முழுக்கவே போய்விடுகிறது என்று அதில் இருக்கிறது. நோயாளியிடம் பேர், ஊர் கேட்டதோடு விடாமல் 'என்ன தொழில் செய்கிறாய்' என்றும் கேளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னவர் அவர்தான். எங்க டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு வயசு 300-க்கு மேல்!

அடுத்து நீராவிக் காலம். நம்ம ஊரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. ரயில் ஓட இன்ஜின் வேண்டும், இன்ஜினுக்கு பாய்லர் வேண்டும். அன்றைக்கு பாய்லர் என்றால் ரிவெட். வெளியே ஒருவர் சுத்தியலால் அடிக்க, இன்னொருவர் பாய்லர் கூட்டுக்கு உள்ளே உட்கார்ந்து ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே ஒருத்தரை அடிக்கச் சொல்லிப் பாருங்க. (வேணாம், நிஜமா செய்யாதீங்க.)

இந்த வேலைக்காரர்களுக்குக் காது போகும் என்பது ஊரறிந்த விஷயம். இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 'பாய்லர்காரர் காது' என்று பேரே வைத்திருந்தார்கள். ஆனால் கணக்கெடுத்துக் காட்டியவர் தாமஸ் பார், கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர். 1886-இல் அவர் பாய்லர் செய்பவர்கள் 100 பேர், இரும்பு வார்ப்பவர்கள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர் என்று மூன்று கூட்டத்தை எடுத்தார். ஒரு கடிகாரத்தின் டிக் டிக் எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது என்று ஒவ்வொருவரையும் அளந்தார். பாய்லர்காரர்கள் 100 பேரில் ஒருத்தருக்குக்கூடச் சரியான செவித்திறன் இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவது புரிகிறதா என்று கேட்டால், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிரமம் அல்லது புரிவதே இல்லை. தபால்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

மூன்றில் ஒரு கூட்டம் சத்தமே இல்லாத வேலை. அந்தத் தபால்காரர்கள் இருந்ததால்தான் 'வயசானா எல்லாருக்கும் காது போகும்' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இன்றைக்கு நாங்கள் ஒரு மாற்றத்தைச் சோதிக்க ஒரு பாதிக்கு மட்டும் மாற்றி, மறுபாதியை அப்படியே விட்டு ஒப்பிடுவோம் இல்லையா, அதே யோசனைதான்.

நான்கு வருடம் கழித்து, 1890-இல், யோஹான் ஹாபர்மான் என்ற மருத்துவர் உலோக வேலை பார்த்து இறந்த ஒரு முதியவரின் உள்காதை நுண்ணோக்கியில் பார்த்தார். கீச்சொலிக்கான பகுதியில், அதாவது நத்தைச் சுருளின் அடிவளைவில், மயிர்செல்கள் போயிருந்தன. ஆக 1890-லேயே நோய் என்ன, யாருக்கு வரும், எந்த இடத்தில் வரும் மூன்றும் தெரிந்துவிட்டது. பாக்கி இருந்தது துல்லியமாக அளப்பது மட்டும். 1920-களில் அமெரிக்காவின் தொலைபேசி ஆய்வகங்களிலிருந்து மின்சார ஆடியோமீட்டரும் டெசிபல் என்ற அளவும் வந்து அதுவும் தீர்ந்தது. டெசிபலில் இருக்கிற 'பெல்' தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல். அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது என்பது பலருக்குத் தெரியாது.



இப்போ வடசென்னைக்கு வருவோம்.

பெரம்பூரில் பக்கிங்காம் மில் 1876-இல், கர்நாடிக் மில் 1881-இல். பின்னாலே பின்னி மில் என்று ஊர் மொத்தமும் கூப்பிட்டது இவற்றைத்தான். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 95, 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். அந்தத் தொழிலாளர்களுக்காகத்தான் 1918-இல் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

சுதந்திரத்துக்கு அப்புறம் கடலோரமாக வடக்கே போய்க்கொண்டே இருந்தது தொழில். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார் பூட்ட ஆரம்பித்து, லேலண்ட் ஆகி லாரிக்குப் போனது. 1955-இல் என்ஃபீல்டு வந்தது, புல்லட் வந்தது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, 2017-இல் மூடப்படும் வரைக்கும் புகை விட்டது. இத்தனைக்கும் நடுவே பேர் தெரியாத சின்ன ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், பிரஸ் ஷாப், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். எங்க தெருவில் பாதிப் பேர் இவற்றில் ஏதோ ஒன்றில்தான்.

எங்க தெருக்காரங்க சத்தமா பேசுவாங்க. வடசென்னைன்னாலே கத்தித்தான் பேசுவாங்கன்னு சினிமாவில் கிண்டல் வேற. காலேஜில் என்னையே "மெதுவா பேசுடா, பக்கத்துலதான் இருக்கேன்"னு சொல்லியிருக்காங்க. அப்பா காது கேட்காமல் கத்துவார், அவருக்குக் கேட்கணும்னு நாங்க கத்துவோம். இப்படி எத்தனை வீடோ.

எனக்கு மனசைத் தைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் பேச்சில் என்ன போகும்? உயிரெழுத்து போகாது. அ, ஆ, ஒ எல்லாம் கனமான ஒலி, அவை காதில் விழும். போவது க, ச, த, ப மாதிரி மெல்லிய வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கீச்சுப் பகுதி. பட்டு, கட்டு, தட்டு மூன்றும் அவருக்கு ஒரே வார்த்தை. 'யாரோ பேசறாங்க'ன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. "காது கேக்குதுடா, ஆனா வெளங்கல" என்று அப்பா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற அதே அறிகுறி. குக்கர் விசில் கேட்காது, லாரி கேட்கும் என்பதும் அதுவேதான். அம்மா சொன்ன 'வேண்டியது மட்டும்' நடிப்பு இல்லை, அலைவரிசை.



கணக்குக்கு வருவோம். கணக்கு வராம என்னால பதிவு எழுத முடியாது :-)

டெசிபல் சாதாரண எண் இல்லை, மடக்கை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. காதுக்கு ஆகிற சேதம் சத்தத்தின் அளவையும், எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதையும் சேர்த்தது. அப்படியென்றால் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி நடந்த போராட்டங்கள் காதுக்கும் சேர்த்துத்தானே? 1911 தொழிற்சாலைச் சட்டம் மில் ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 12 மணி 8 மணியானால் காதுக்கு எவ்வளவு மிச்சம் என்று போட்டுப் பார்த்தேன். 1.8 டெசிபலுக்குச் சமம். அவ்வளவுதான்! நேரத்தைக் குறைத்தது மனுஷனைக் காப்பாற்றியது, காதைக் காப்பாற்றவில்லை. காதுக்குச் சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும்.

இந்தியத் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் வகுத்த வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். ஒவ்வொரு 5 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதி. அதன்படி 100 டெசிபலில் 2 மணி நேரம் நிற்கலாம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல் பரிந்துரைத்தது 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் அதே 100 டெசிபலில் நிற்கக்கூடிய நேரம் 15 நிமிடம்.

சிப்பிங் ஹாமர் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதையே வைத்துக்கொண்டாலும், 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரே நாளில் 32 நாளுக்கான சத்தம். இப்படி 31 வருடம். காதில் அடைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்தது மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட்.

"வலிக்கலையாப்பா?"ன்னு கேட்டேன்.

"மொத மாசம் ராத்திரில காதுல வண்டு கத்தற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு."

அந்த வண்டுச் சத்தம் மயிர்செல்கள் அடிபட்டுக் கிடந்ததன் அறிகுறி. ஆரம்பத்தில் ஒரு ராத்திரி ஓய்வில் அவை எழுந்துகொள்ளும். திரும்பத் திரும்ப அடி விழுந்தால் எழுந்திருக்காது. காது சத்தத்துக்குப் பழகுவதே இல்லை, உணர்கிற செல்கள் குறைந்துபோவதைத்தான் பழகிடுச்சு என்கிறோம்.



சட்டம் தூங்கிக்கொண்டிருந்ததா என்றால், அதுவும் இல்லை. நான் படித்ததிலேயே தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான்.

இந்தியாவில் சத்தத்தால் வரும் காது கேளாமை 1948-லிருந்தே இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய். முதல் ஆளுக்கு அந்த இழப்பீடு கிடைத்தது 1996-இல். இந்தியத் தொழில்சார் மருத்துவ இதழில் 2008-இல் வந்த ஒரு கட்டுரையின் சுருக்கத்திலேயே இந்த இரண்டு வருடங்களும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கின்றன. கழித்துப் பாருங்க. 48 வருடம்.

ஒரு தலைமுறை முழுக்க வேலைக்குச் சேர்ந்து, காது போய், ஓய்வு பெற்று வீட்டுக்குப் போயாச்சு. 1948-க்கும் 1996-க்கும் நடுவில்தான் திருவொற்றியூரும் எண்ணூரும் தொழில்பேட்டையாக வளர்ந்தன. பின்னி மில் அதே 1996-இல் மூடப்பட்டது.

ஏன் இப்படி? பாதி பதில் அப்பாவிடமே இருந்தது. இந்தக் கதையெல்லாம் அவருக்குச் சத்தமாகச் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: "இதுக்கெல்லாமா காசு தருவாங்க? எனக்கு ஒண்ணும் அடிபடலையேடா. கை போனாதான் தருவாங்க."

விரல் போனால் ரத்தம் வரும், பக்கத்து மிஷின்காரர் ஓடி வருவார், ரெஜிஸ்டரில் தேதியோடு ஏறும். காது போனால் தேதி கிடையாது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. போனவருக்கே கடைசியில்தான் தெரியும். தெரிந்தாலும் வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொள்வார்.

மூக்கையும் தொண்டையையும் எடுத்துக்கோங்க. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூக்கு எரிந்தது, தொண்டை அடைத்தது, கண் எரிந்தது. அந்த ராத்திரியே ஜனங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆலையை நிறுத்தினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மூக்கும் தொண்டையும் அடிபட்டால் கத்தும், ஊரைக் கூட்டும். காது கத்தாது.

மீதிப் பதில் கம்பெனிகளிடமும் அரசாங்கத்திடமும் இருக்கிறது. வேலையில் சேரும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்து, வருடா வருடம் ஒன்று எடுத்துப் பார்த்தால் பள்ளம் விழ ஆரம்பிக்கும்போதே தெரிந்துவிடும். ஆளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாம், மிஷினுக்கு மூடி போடலாம், நல்ல காதடைப்பான் கொடுக்கலாம். அப்பா வேலை பார்த்த 31 வருடத்தில் அவருக்கு ஒரு தடவைகூட ஆடியோகிராம் எடுத்ததில்லை. அளக்கவில்லை என்றால் நோய் இல்லை, நோய் இல்லை என்றால் இழப்பீடும் இல்லை.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் சத்தத்தால் வரும் காது கேளாமை இருக்கிறது. 40 வயது தாண்டிய தொழிலாளிக்கு வருடத்துக்கு ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான். அந்தப் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு அனுப்புவார்களா, ஹெட்ஃபோனை மாட்டிக் காதையும் பார்ப்பார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 40 வயதுக்கு முன்னாலேயே பள்ளம் விழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.



மருந்து? இன்றைக்கு வரைக்கும் இல்லை. 1988-இல் ஒரு ஆச்சரியமான விஷயம் வெளியானது. சத்தத்தால் மயிர்செல் போன கோழிக்குஞ்சுக்கும் காடைக்கும் அவை திரும்ப முளைக்கின்றன! காசிமேட்டில் கருவாட்டைக் கொத்திக்கிட்டு ஓடற காக்காவும் பறவைக் குடும்பம்தான். நமக்கு மட்டும் பிறக்கும்போது கொடுத்ததுதான், போனால் போனது. அந்த வித்தையை மனிதக் காதுக்குக் கொண்டுவர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இப்போது காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மெஷின் சத்தத்தைக் கூட்டும், தெளிவை முழுசாகத் திருப்பித் தராது. ஆனாலும் காலிங் பெல் கேட்கிறது. முதல் நாள் "இன்னாடா இது, ஃபேன் இவ்ளோ சத்தம் போடுதா?" என்று கேட்டார். அம்மா இப்போது திட்டுவதை மெதுவாகத் திட்டுகிறார்.

கடைசியாக இரண்டே விஷயம்.

ஒன்று, நம்ம செட்டுக்கு. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினதிலிருந்து ஆபீஸ் போய் இறங்குகிற வரைக்கும் காதில் மாட்டிக்கொண்டு, வெளிச் சத்தத்தை அமுக்கப் பாட்டை ஏற்றிக்கொண்டே போகிறோமே, அதற்கும் இதே கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். காதுக்கு அது இளையராஜாவா இரும்பா என்று தெரியாது.

இன்னொன்று, எங்க பக்கத்து ஆட்களுக்கு. உங்க வீட்டில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ மில், ஃபவுண்டரி, பிரஸ் ஷாப், ஹார்பர் ஒர்க்‌ஷாப் என்று வேலை பார்த்தவரா? 'காது கேக்குது, ஆனா வெளங்கல' என்கிறாரா? திட்டாமல் ஒரு தடவை கூட்டிப் போய் ஆடியோகிராம் எடுங்க. 4000-இல் பள்ளம் இருந்தால் அந்தப் பேப்பரைப் பத்திரமாக வையுங்க. இன்னும் வேலையில் இருப்பவர் என்றால் ஈ.எஸ்.ஐ.-யிலும் சங்கத்திலும் அந்தப் பேப்பரோடு போய்க் கேளுங்க. என்ன வேலை, எந்த செக்‌ஷன், எத்தனை வருடம் என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்க. அப்பாவுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்யலாம் என்றே தெரிந்திருக்கவில்லை.